'வழியை மாற்றிக்கொண்டோம்' என்று ஆங்கிலத்தில் சொல்ல எந்தச் சொல்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலோ அறிக்கையோ எழுதுகிறீர்கள். ஒரு திட்டமோ பயணமோ பேச்சோ முன்பு போன திசையில் இப்போது போகவில்லை என்று சொல்ல வேண்டும். ஒத்தசொல் அகராதியைத் திறந்தால் ஷிஃப்ட், ஸ்விட்ச், பிவட், டீவியேட், டைவர்ட், வியர், ஸ்வர்வ், ரிவர்ஸ் என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்றை எடுத்துப் போடுகிறீர்கள். இலக்கணம் சரி, எழுத்துப்பிழையும் இல்லை. ஆனாலும் படித்தவர் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்.

அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் இங்கே அறிகுறி. உங்களுடையது கீழே எங்கே இருக்கிறதோ நேராக அங்கே போகலாம். அதற்கு முன் ஒரு சோதனையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், எல்லா இடத்திலும் அதுதான் உதவப் போகிறது.

சொல் தேடும்போது 'என்ன மாறியது?' என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்டுக்கொள்கிறோம். இந்த எல்லாச் சொற்களிலும் மாறுவது திசைதான். ஆகவே அந்தக் கேள்வி ஒரு சொல்லையும் இன்னொன்றையும் பிரித்துக் காட்டாது. 'எது மாறவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். சேர வேண்டிய இடம் அப்படியே இருக்கிறதா? விதி அப்படியே இருக்க, நீங்கள் மட்டும் விலகினீர்களா? சுக்கான் பிடித்த கை அசையாமலேயே கப்பல் நகர்ந்துவிட்டதா? ஒவ்வொரு சொல்லும் மாறாத ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கிறது. உங்கள் செய்தியில் மாறாமல் நிற்பது அதனோடு பொருந்தினால் சொல் சரி, பொருந்தாவிட்டால் அங்கேதான் பிழை.

அறிகுறி: நல்ல செய்தியைச் சொன்னீர்கள், படித்தவர் 'என்ன தப்பு நடந்தது?' என்று கேட்கிறார்

பெரும்பாலும் டீவியேட் என்று எழுதியிருப்பீர்கள். லத்தீனில் 'டீ' என்றால் விட்டு அகல்வது, 'வியா' என்றால் வழி. இந்தச் சொல்லில் அசையாமல் நிற்பது அந்த வழி. சரியென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு பாதையோ விதியோ நெறியோ அங்கேயே இருக்கிறது, ஒருவர் அதை விட்டு விலகிவிட்டார். புள்ளியியலில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்ற பெயரை 1890-களில் கார்ல் பியர்சன் கொண்டுவந்தார். நம் பாடநூல்கள் அதைத் திட்ட விலக்கம் என்கின்றன. சராசரி என்று ஒன்றை நிறுத்திவைத்து, எண்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று அளப்பது அது. மருத்துவ ஆய்வுகளில் புரோட்டோகால் டீவியேஷன் என்று தனியாகப் பதிவு செய்வார்கள். ஒப்புதல் வாங்கிய நடைமுறை ஒன்று, நடந்தது வேறு என்று பொருள். இந்த இரண்டு இடத்திலும் டீவியேட் மிகப் பொருத்தமான சொல்.

இப்போது 'வி டீவியேட்டட் ஃப்ரம் த பிளான்' என்று ஒரு வாடிக்கையாளருக்கு எழுதினால் அவர் காதில் என்ன விழும்? திட்டம் இன்னும் செல்லுபடியாகிறது, இவர்கள் அதை மீறிவிட்டார்கள் என்றுதான். நீங்கள் திட்டத்தையே மாற்றியிருந்தால், கூட்டம் போட்டுப் பேசி எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால், விலகுவதற்கு அங்கே பழைய வழியே கிடையாது. 'வி சேஞ்ச்ட் த பிளான்' என்று நேராக எழுதுங்கள். கொஞ்சம் மெருகு வேண்டுமென்றால் 'வி ஷிஃப்டட் டு எ நியூ பிளான்'. முழு நிறுவனத்தின் போக்கையும் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் சேஞ்ச் கோர்ஸ்.

ஸ்ட்ரே, ட்ரிஃப்ட் இரண்டும் இதே பக்கத்துச் சொற்கள். ஸ்ட்ரே என்றால் வழி தவறிப் போவது. மந்தையை விட்டுப் பிரிந்த ஆட்டுக்கும், கொள்கையை விட்டுத் தள்ளிப்போன கட்சிக்கும் அதே சொல்தான். ட்ரிஃப்ட்டில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. நீரோட்டம் இழுக்கிறது, படகு போகிறது. நீங்கள் யோசித்து எடுத்த முடிவுக்கு ட்ரிஃப்ட் என்று எழுதினால் உங்களை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். அதேசமயம் ஒரு வேலை ஆறு மாதத்தில் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியிருந்து, எந்த நாளில் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாவிட்டால், அதற்கு ட்ரிஃப்ட்டை விட நேர்மையான சொல் இல்லை. அங்கே போய் ஷிஃப்ட் என்று எழுதினால், யாரும் எடுக்காத முடிவு ஒன்றை எடுத்ததாகக் காட்டிக்கொள்வது போல ஆகிவிடும்.

விலகினோம், தெரிந்தே விலகினோம், அதில் குற்றமில்லை என்று சொல்ல வேண்டிய நிலையும் உண்டு. அதற்கு டிபார்ட் இருக்கிறது. ஓர் ஓவியர் தன் பழைய பாணியை விட்டு வெளியே வந்தால் அதை 'எ டிபார்ச்சர் ஃப்ரம் ஹெர் எர்லியர் வொர்க்' என்பார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். டீவியேஷன் என்று போட்டால் சுளிப்பார்கள். டீவியன்ட் என்ற பெயர்ச்சொல்லோ மனிதரைச் சுட்டினால் வசைச்சொல்லாகவே ஆகிவிடுகிறது, கவனம்.

அறிகுறி: சின்னத் திருத்தம்தான் செய்தீர்கள், படித்தவர் பதறிப்போய் அழைக்கிறார்

பிவட் என்று எழுதியிருக்கிறீர்களா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த வரிசையிலேயே அதிகம் தேய்ந்த சொல் இதுதான். அது தேய்ந்துபோனதில் எனக்கு வருத்தமும் உண்டு, ஏனென்றால் உள்ளே மிகத் தெளிவான ஒரு படம் இருக்கிறது. கூடைப்பந்தில் பந்தைப் பிடித்து நின்றுவிட்ட ஆட்டக்காரர் ஒரு காலைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது. அந்தக் காலை ஊன்றிக்கொண்டு மறு காலால் எந்தப் பக்கமும் திரும்பலாம். ஊன்றிய காலுக்குப் பெயர் பிவட் ஃபுட். உடல் முழுக்கத் திரும்பிவிடும், அந்தக் கால் மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

தொழில்முனைவோர் உலகத்தில் எரிக் ரீஸ் இந்தச் சொல்லைப் பரப்பியபோதும் இந்தப் படம்தான் அதில் இருந்தது. நோக்கம் நிற்கிறது, அதை அடையும் உத்தி திரும்புகிறது. ஸ்லாக் நிறுவனத்தைப் பாருங்கள். கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை உருவாக்கியவர்கள் 2012-இல் அதை மூடினார்கள். விளையாட்டைச் செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவி வைத்திருந்தார்கள், 2013-இல் அதையே ஸ்லாக் என்ற பெயரில் வெளியே கொண்டுவந்தார்கள். குழு அதே குழு, கையிலிருந்த கருவி அதே கருவி. விற்கும் பொருளும் வாங்குபவரும் முற்றிலும் மாறிவிட்டார்கள். இதுதான் பிவட்.

ஆகவே பிவட் என்று எழுதும் முன் இரண்டு கேள்வி. ஊன்றிய கால் எது என்று உங்களால் சொல்ல முடியுமா? மீதி எல்லாம் உண்மையில் திரும்பியதா? கூட்டத்தைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாற்றியதை, விளம்பரத்தில் ஒரு வரி திருத்தியதை எல்லாம் பிவட் என்று எழுதினால் படிப்பவர் பெரிய புரட்டல் ஏதோ நடந்துவிட்டதாக நினைப்பார். அங்கே அட்ஜஸ்ட் போதும், இன்னும் சின்னதென்றால் ட்வீக்.

சேருமிடம் மாறவில்லை, போகும் கோட்டில் சிறு பிழை இருந்தது, அதைச் சரிசெய்தோம் என்றால் கோர்ஸ் கரெக்‌ஷன். இது விண்வெளிப் பயணத்தில் அன்றாடச் சொல். 1962 ஆகஸ்டில் கிளம்பிய மரைனர் 2 விண்கலம் போகும் வழியில் தன் போக்கைத் திருத்திக்கொண்டுதான் டிசம்பர் 14 அன்று வெள்ளிக் கோளைக் கடந்து சென்றது. கிளம்பும்போதே முழுத் துல்லியத்தோடு குறிபார்க்க முடியாது என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும், அதனால் வழியில் திருத்தம் உண்டு என்று முன்கூட்டியே திட்டமிடுவார்கள். கோர்ஸ் கரெக்‌ஷன் என்ற சொல்லில் குற்ற வாடை அடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கையில் கூச்சமில்லாமல் போடலாம். ஆனால் சேருமிடத்தையே மாற்றிவிட்டு அதைக் கோர்ஸ் கரெக்‌ஷன் என்று எழுதாதீர்கள். அது மறைப்பு.

அறிகுறி: முறையை மட்டும் மாற்றினீர்கள், நோக்கத்தையே கைவிட்டதாகப் படித்தவர் நினைக்கிறார்

இந்த அறிகுறிக்கு ஆங்கிலத்தில் ஓர் அருமையான மருந்து இருக்கிறது, நம்மில் பலர் அதைத் தொடுவதே இல்லை. சேஞ்ச் டாக். கடைசிச் சொல் 'அட்டாக்' என்பதன் பின்பாதி போல ஒலிக்கும்.

பாய்மரப் படகு, காற்று வரும் திசைக்கு நேரெதிரே போக முடியாது. பொதுவாகக் காற்றின் இரு பக்கமும் ஏறக்குறைய 45 பாகை வரை உள்ள பகுதியில் பாய் வேலை செய்யாது, படபடவென்று அடித்துக்கொண்டு நிற்கும். சேர வேண்டிய துறைமுகமோ அந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. என்ன செய்வார்கள்? கொஞ்ச தூரம் வலப்பக்கம் சாய்ந்து போவார்கள், பிறகு படகின் மூக்கைக் காற்றின் ஊடாகத் திருப்பி இடப்பக்கம் சாய்ந்து போவார்கள். அப்படித் திருப்புவதுதான் டாக். கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகு குழம்பிப்போய் அலைவதாகத் தோன்றலாம். ஓட்டுபவரின் கண் ஒரு நொடியும் துறைமுகத்தை விட்டு விலகவில்லை.

அதனால் மாறாதது நோக்கம், மாறியது அணுகுமுறை என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் சேஞ்ச் டாக்கின் இடம். பேச்சுவார்த்தை ஒரு வழியில் முட்டி நின்றது, வேறு வழியில் தொடங்கினோம். மருத்துவர் ஒரு மருந்தை நிறுத்தி வேறொன்றைத் தந்தார், நோயைக் குணப்படுத்துவதே குறி. மாணவருக்கு ஒரு விதத்தில் புரியவில்லை, ஆசிரியர் வேறு விதத்தில் சொல்லிப் பார்த்தார். 'ட்ரை எ டிஃபரன்ட் டாக்' என்றும் எழுதலாம்.

ஒரு எச்சரிக்கை. இதை 'சேஞ்ச் டாக்ட்' என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிலும் இருக்கிறார்கள். டாக்ட் என்றால் பிறர் மனம் நோகாமல் பேசும் பக்குவம். அதை மாற்றிக்கொண்டோம் என்று யாரும் சொல்ல வரவில்லை. எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் இதைப் பிடிக்காமல் போகலாம், ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி: விபத்து அறிக்கையில் யார் மீது பழி என்று குழம்புகிறது

இது விளையாட்டில்லை. காப்பீட்டுக் கோரிக்கையில் ஒரு வினைச்சொல் ஒருவரைக் குற்றவாளியாகவும் காட்டும், காப்பாற்றியவராகவும் காட்டும்.

ஸ்வர்வ் என்றால் நாம் 'வண்டியை வெட்டித் திருப்பினார்' என்று சொல்வதற்கு மிக நெருக்கம். திடீரென்று நடக்கிறது, பெரும்பாலும் எதிலோ மோதாமல் தப்பிக்க. 'ஸ்வர்வ்ட் டு அவாய்ட் எ சைக்கிளிஸ்ட்' என்று காரணமும் கூடவே வருவது அதற்கு இயல்பு. பழைய பாதை அங்கேயே இருக்கிறது, ஆபத்து நீங்கியதும் ஓட்டுநர் அதற்குத் திரும்ப நினைக்கிறார் என்பதும் உள்ளே இருக்கிறது.

வியர் அப்படிக் காரணம் எதையும் கையில் வைத்திருக்காது. வண்டி ஒரு பக்கமாகப் போனது, அவ்வளவுதான். ஓட்டுநர் திருப்பினாரா, தூங்கிவிட்டாரா, டயர் வெடித்ததா என்பதைப் பற்றி வியர் வாய் திறக்காது. காரணம் இன்னும் தெரியாதபோது செய்தியாளர்கள் 'த கார் வியர்ட் ஆஃப் த ரோட்' என்று எழுதுவது அதனால்தான். நீங்கள் ஒருவரைக் காப்பாற்றத் திருப்பியிருந்து, வியர்ட் என்று எழுதினால் உங்கள் பக்க நியாயம் மொத்தமாகக் காணாமல் போய்விடும். அதேபோல் காரணம் தெரியாத நிலையில் ஸ்வர்வ்ட் என்று எழுதினால் நீங்கள் பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

மெதுவாகப் பக்கத்துத் தடத்துக்குள் போனதென்றால் மறுபடியும் ட்ரிஃப்ட். சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கியதென்றால் ஸ்கிட், அதற்கும் திருப்புவதற்கும் சம்பந்தமே இல்லை.

வானிலை அறிக்கை படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அங்கே வியர் கறாரான கலைச்சொல். காற்று வீசும் திசை கடிகார முள் சுற்றும் பக்கமாக மாறினால்தான் வியர், எதிர்ப்பக்கமாக மாறினால் பேக்.

சாலையை விட்டு வெளியே வந்தாலும் ஸ்வர்வ் தன் குணத்தை விடுவதில்லை. கொள்கையில் உறுதியாக நின்றவரை 'நெவர் ஸ்வர்வ்ட்' என்று புகழ்கிறார்கள், அசையாத விசுவாசத்தை அன்ஸ்வர்விங் என்கிறார்கள். எனவே 'வி ஸ்வர்வ்ட் டு எ நியூ ஸ்ட்ராட்டஜி' என்று எழுதினால் பயந்துபோய் ஒதுங்கியதாகத் தொனிக்கும்.

அறிகுறி: யாரோ திருப்பிவிட்டார்கள், தானாகவே போனது போலப் படிக்கிறது. அல்லது பணத்தைப் பற்றி எழுதினீர்கள், தணிக்கையாளர் நிமிர்ந்து உட்காருகிறார்

இரண்டும் டைவர்ட் சார்ந்தவை. தமிழில் மடைமாற்றுவது என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். நீர் அதே நீர், ஓடும் வேகமும் அதே வேகம். வெளியிலிருந்து ஒரு கை மடையைத் திருப்பியது. ஆகவே திருப்பப்பட்ட பொருளும் வேண்டும், திருப்பிய ஏதோ ஒரு காரணமும் வேண்டும்.

விமானத் துறையில் டீவியேட், டைவர்ட் இரண்டும் வேறு வேறு நிகழ்வு. இடிமேகத்தைச் சுற்றிக்கொண்டு போக விமானி பாதையை விட்டுக் கொஞ்சம் விலகினால் அது டீவியேஷன், பயணி சேரும் ஊர் மாறாது. விமானம் வேறொரு விமான நிலையத்தில் போய் இறங்கினால் டைவர்ஷன். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது 38 பயணிகள் விமானங்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள காண்டர் என்ற சிறு ஊரில் இறங்கின. அவை டைவர்ட் செய்யப்பட்டவை. யாருக்கும் அந்த ஊருக்குப் போகும் எண்ணம் இருக்கவில்லை. 'அவர் ஃப்ளைட் டீவியேட்டட்' என்று எழுதி, ஏன் வேறு ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் புரியவைக்க முடியாது.

ரீரூட் இன்னொரு வகை. சேருமிடம் மாறாது, வழி மட்டும் முன்கூட்டியே வேறாக வகுக்கப்படும். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி ஆறு நாள் அடைத்து நின்றபோது, சில கப்பல்கள் காத்திருக்காமல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. போகும் துறைமுகம் அதுவேதான், வழிதான் நீண்டது. அதனால் ரீரூட். சாலையில் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுப் பாதையை அமெரிக்கர்கள் டீட்டூர் என்பார்கள், பிரிட்டனில் அறிவிப்புப் பலகையில் டைவர்ஷன் என்று இருக்கும்.

பணத்துக்கு வருவோம். 'வி டைவர்ட்டட் த ஃபண்ட்ஸ்' என்றால், ஒன்றுக்கென்று ஒதுக்கிய பணத்தை இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டோம் என்று பொருள். கணக்குப் பார்ப்பவர்கள் மத்தியில் அது முறைகேட்டின் பெயராகவே புழங்குகிறது. முறைப்படி அனுமதி பெற்று வேறு பணிக்கு ஒதுக்கியிருந்தால் ரீஅலக்கேட் என்று எழுதுங்கள். கவனம், முயற்சி, மனித உழைப்பு போன்றவற்றுக்கு ரீடைரக்ட் நல்ல நடுநிலைச் சொல். தெரிந்தே, திட்டமிட்டு, புதிய இலக்கை நோக்கித் திருப்புவது என்ற பொருள் அதில் இருக்கிறது. நாசாவின் டார்ட் விண்கலம் 2022 செப்டம்பர் 26 அன்று டைமார்ஃபோஸ் என்ற குட்டிச் சிறுகோளில் போய் மோதி, அது தன் பெரிய துணையைச் சுற்றும் நேரத்தை ஏறக்குறைய 32 நிமிடம் குறைத்தது. அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் இருப்பது ரீடைரக்‌ஷன். மோதியதால் விலகியது என்ற இயற்பியல் விளைவை மட்டும் சொன்னால் டிஃப்ளெக்ட். கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு பக்கம் தள்ளிவிடுபவருக்கும் டிஃப்ளெக்ட்தான்.

அறிகுறி: முடிவை மாற்றிக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுதினீர்கள், அவர் கோபித்துக்கொள்கிறார்

ஒரே செயலுக்கு ஆங்கிலத்தில் வசையும் உண்டு, மரியாதையும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைச் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃப்ளிப்-ஃப்ளாப் நம் ஊர்ப் பேச்சில் பல்டி. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜான் கெரி மீது எதிர்த்தரப்பு விடாமல் சுமத்தியது இந்தப் பெயர்தான். பேக்பெடல் என்றால் சொன்னதிலிருந்து மெல்லப் பின்னே நழுவுவது, அதிலும் ஒரு ஏளனம் உண்டு. யூ-டர்ன் பிரிட்டிஷ் அரசியலில் பெரிய குத்தல். 1980 அக்டோபரில் பிரைட்டனில் நடந்த கட்சி மாநாட்டில் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர், வேண்டுமானால் நீங்கள் திரும்புங்கள், நான் திரும்ப மாட்டேன் என்ற பொருளில் பேசியது அந்தச் சொல்லுக்குச் சொன்ன பதில்தான். வோல்ட்-ஃபாஸ், அபவுட்-டர்ன், அமெரிக்க வழக்கில் அபவுட்-ஃபேஸ், எல்லாமே நேர் எதிர்த்திசைக்குத் திரும்பியதைச் சொல்பவை. அரை வட்டம் திரும்பாத ஒருவருக்கு இவற்றைப் போடுவது அநியாயம்.

உங்கள் நிறுவனம் ஒரு முடிவைத் திரும்பப் பெறுகிறது, அதை நீங்களே அறிவிக்கிறீர்கள் என்றால் 'வி ஹேவ் ரிவர்ஸ்ட் திஸ் டிசிஷன்' என்று எழுதுங்கள். சுற்றி வளைக்காத வாக்கியம் அது, படிப்பவர் மதிப்பார். இன்னும் முடிவு செய்யவில்லை, யோசிக்கிறோம் என்றால் ரீகன்சிடர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் சிக்கல் பெரிது. ரீகன்சிடர் என்று சொல்லிவிட்டு முடிவை மாற்றாமல் இருக்கலாம், ரிவர்ஸ் என்றால் மாற்றியாகிவிட்டது. சொன்ன சொல்லின் கடுமையை மட்டும் குறைத்துக்கொள்வதைச் செய்தியாளர்கள் வாக் பேக் என்கிறார்கள்.

நீதிமன்றச் செய்தியை எழுதுகிறீர்கள் என்றால் இங்கே இன்னும் நிதானம் வேண்டும். கீழ் நீதிமன்றம் அதே வழக்கில் தந்த தீர்ப்பை மேல் நீதிமன்றம் மாற்றினால் ரிவர்ஸ். முன்னுதாரணமாக நின்ற பழைய தீர்ப்பையே இனிச் செல்லாது என்றால் ஓவர்ரூல். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பைச் செய்தது இரண்டாவது.

அறிகுறி: பேச்சு வேறு பக்கம் போனதைச் சொல்லத் தெரியவில்லை

பேசுபவர் தானே பொருளை விட்டு விலகி, திரும்பி வருவார் என்றால் டைக்ரெஸ். 'பட் ஐ டைக்ரெஸ்' என்பது அப்படித் திரும்பி வரும்போது சொல்லும் தொடர், விலகும்போது சொல்வதில்லை. வேறொன்று நம்மை இழுத்துக்கொண்டு போய்விட்டதென்றால் 'வி காட் சைட்ட்ராக்ட்'. வேண்டுமென்றே வேறு பேச்சை எடுத்தார் என்றால் 'சேஞ்ச்ட் த சப்ஜெக்ட்'. டைக்ரெஸ் வாய்ப்பேச்சுக்கும் எழுத்துக்கும் உரியது. வண்டியும் திட்டமும் டைக்ரெஸ் ஆகாது.

அறிகுறி: சொல் சரி, வாக்கியம் மட்டும் நொண்டுகிறது

முன்னிடைச்சொல்லைப் பாருங்கள். டீவியேட், டைக்ரெஸ், ஸ்ட்ரே மூன்றும் எதிலிருந்து விலகியது என்றே கேட்கும், ஆகவே ஃப்ரம். 'டீவியேட்டட் டு எ நியூ மெத்தட்' என்று எழுதும்போதே எங்கே போனீர்கள் என்று சொல்ல வருகிறீர்கள், அப்படியானால் உங்களுக்கு வேண்டியது ஷிஃப்டோ ஸ்விட்ச்சோதான். அவை இரண்டும் பிவட்டும் டு கேட்கும். டைவர்ட்டுக்குச் செயப்படுபொருள் வேண்டும். 'வி டைவர்ட்டட் டு பிளான் பி' என்றால் படிப்பவருக்கு விமானம்தான் நினைவு வரும்.

ஷிஃப்ட்டும் ஸ்விட்ச்சும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேகத்தில் வேறு. ஸ்விட்ச் ஒரு நொடியில் நடப்பது: ஒன்றை எடுத்தோம், அதே இடத்தில் இன்னொன்றை வைத்தோம். மாறாதது அந்த இடம். மென்பொருளை மாற்றினால், வங்கியை மாற்றினால் ஸ்விட்ச். மக்களின் ரசனையும் சந்தையின் போக்கும் மெல்ல நகர்பவை, அவை ஷிஃப்ட் ஆகும். வேலைக்கான விண்ணப்பத்தில் துறை மாறியதைச் சொல்லும்போது 'ஸ்விட்ச்ட்' கொஞ்சம் அவசரமாகத் தோன்றலாம்; 'மூவ்ட் இன்டு' எளிமையாகவும் உறுதியாகவும் இருக்கும். டைவர்ஜ் இங்கே உதவாது, ஏனென்றால் அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒன்றாக வந்த இரண்டு பாதைகள் பிரிகின்றன, யார் மீதும் பிழை இல்லை.

அறிகுறி: எல்லாச் சொல்லும் சரிதான், ஆனால் பத்தி முழுக்க எத்தனை முறை திரும்பினீர்கள் என்றே தெரியவில்லை

முதல் வாக்கியத்தில் ஷிஃப்ட், இரண்டாவதில் பிவட், மூன்றாவதில் கோர்ஸ் கரெக்‌ஷன். நீங்கள் சொன்னது ஒரே மாற்றத்தை, படிப்பவர் எண்ணுவது மூன்று. ஒரே சொல் திரும்ப வந்தால் அசிங்கம் என்று பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்ததன் பலன் இது. இந்தப் பழக்கத்துக்கு ஆங்கில நடை பற்றி எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் 1906-இலேயே எலிகன்ட் வேரியேஷன் என்று பெயர் வைத்துக் கண்டித்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துச் சொற்களில் அதனால் வரும் சேதம் அதிகம், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறொரு பொருளை அசையாமல் நிறுத்துகிறது. பத்தி நகர நகர முதலில் நோக்கம், அப்புறம் கால், அப்புறம் சேருமிடம் என்று நிலையானது எதுவென்றே தெரியாமல் போகிறது.

ஒரு மாற்றத்துக்கு ஒரு சொல் என்று முடிவு செய்யுங்கள். அடுத்த வாக்கியத்தில் அதையே மறுபடி எழுதுங்கள், அல்லது 'திஸ் சேஞ்ச்' என்று சுட்டிவிட்டு நகருங்கள். எந்தச் சொல்லும் பொருந்தவில்லையா? சரி, 'சேஞ்ச்' என்றே எழுதி, மாறாதது எது என்பதைப் பக்கத்திலேயே ஒரு வாக்கியமாக வைத்துவிடுங்கள்: முறை மாறுகிறது, கெடு தேதி மாறவில்லை, விற்பனையாளர் மாறுகிறார், விலை மாறவில்லை. படிப்பவர் முதலில் தேடுவது அந்த இரண்டாவது பாதியைத்தான்.